'மணி' என்று எழுதிய 37 கேசட்டுகள்: ஒரு பட்டியல் வேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு ரசிகர் இருந்தார். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஏறத்தாழ நாற்பது வருடம் கர்நாடக சங்கீதக் கச்சேரிகளை ஒலிநாடாவில் சேர்த்து வைத்தவர். சிலவற்றைக் கச்சேரி நடந்த இடத்திலேயே பதிவு செய்தார். பெரும்பாலானவை வானொலியிலிருந்து பிடித்தவை, மற்ற ரசிகர்களிடம் வாங்கிப் பிரதி எடுத்தவை. அவர் காலமாகிச் சில வருடங்கள் கழித்து வீட்டை விற்க வேண்டி வந்தது. பரணில் இருந்த இரண்டு தகரப் பெட்டிகளையும் ஒரு மர அலமாரியையும் என்ன செய்வது என்று அவருடைய மகன் எங்களிடம் கேட்டார்.

நாங்கள் மூன்று பேர். நான் கல்லூரி நூலகம் ஒன்றில் பல வருடம் அட்டவணை வேலை பார்த்தவன். இன்னொருவர் பழைய டேப் ரெக்கார்டர்களைப் பழுது பார்ப்பவர். மூன்றாமவர் இசை கற்கும் கல்லூரி மாணவர். யாரும் சம்பளம் வாங்கவில்லை. ஏறத்தாழ 400 கேசட்டுகளும் 30 ஸ்பூல்களும் (பெரிய சுருள் நாடாக்கள்) இருந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும், கேசட்டுகளை மட்டும் ஒருமுறை முழுதாகக் கேட்க 600 மணி நேரம் ஆகும். வீட்டைக் காலி செய்ய எங்களுக்குக் கிடைத்த அவகாசம் மூன்று மாதம். பின்னால் நடந்த தவறுகளுக்கெல்லாம் வேர் இந்தக் கணக்குதான்.

இந்த ஆய்வு முழுச் சேகரிப்பைப் பற்றியது இல்லை. லேபிளில் 'மணி' என்ற சொல் இருந்த 37 கேசட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறது.

முதலில் செய்த வேலை

கேட்டுப் பார்க்க நேரம் இல்லாததால், முதலில் லேபிள்களைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிப்பது, பிறகு ஒவ்வொரு கேசட்டிலும் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பதிவின் தரத்தைக் குறிப்பது என்று முடிவு செய்தோம். தரத்துக்கு நான்கு படிகள் வைத்தோம். நான்காம் படி 'விட்டுவிடலாம்'. அதில் விழுபவற்றை டிஜிட்டல் ஆக்காமல், குடும்பத்தின் சம்மதத்தோடு அப்புறப்படுத்துவதாக ஏற்பாடு.

மாணவர் எக்ஸெல்லில் ஏற்றினார். பாடகர், வயலின், மிருதங்கம், தேதி, தரம் என்று கட்டங்கள். அந்தக் கட்டங்களை வகுத்தது நான். லேபிளில் இருப்பதை இருந்தபடியே எழுத ஒரு கட்டம் வைக்கவில்லை. லேபிளில் 'மணி' என்று இருந்தால், அது யார் என்று உட்கார்ந்த இடத்திலேயே தீர்மானித்து, முழுப்பெயரை ஏற்றினோம்.

கர்நாடக சங்கீதத்தில் 'மணி' என்றதும் பலருக்கு மதுரை மணி அய்யர்தான் நினைவுக்கு வருவார். எங்களுக்கும் அப்படித்தான். முதல் சுற்றில் 37-இல் 26 கேசட்டுகள் அவர் பெயரில் போயின. நூலகத்தில் பல வருடம் பழகியவன் என்ற முறையில் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிறந்த வருடத்தைச் சேர்த்துப் பிரிப்பது எங்கள் வழக்கம். இங்கே அந்த வழக்கமும் கைகொடுக்காது. மதுரை மணி அய்யர் பிறந்தது 1912. மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர் பிறந்ததும் 1912. இருவரும் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்கள், முன்னவர் 1959-இல், பின்னவர் 1966-இல். இயற்பெயரைப் போடலாம் என்றால் அதிலும் குழப்பம். மதுரை மணியின் இயற்பெயர் சுப்பிரமணியன், அப்பா பெயர் ராமசுவாமி. பாலக்காடு மணியின் இயற்பெயரே ராமசுவாமி. சுப்பிரமணியன் மணி ஆவது நம் வீடுகளில் தினமும் நடப்பது. ராமசுவாமி மணி ஆனது செல்லப்பெயரால். இயற்பெயரில் தேடினால் ரசிகர்கள் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

தவறு வெளியே தெரிந்தது

இரண்டாவது மாதம், தரம் நன்றாக இருந்த சில பதிவுகளை டிஜிட்டல் ஆக்கி, எங்களுக்குத் தெரிந்த ரசிகர் வட்டத்தில் பகிர்ந்தோம். அவற்றில் ஒன்றின் லேபிளில் 'மணி – மாமவ – 20 நி' என்று இருந்தது. 'மதுரை மணி அய்யர், மாமவ பட்டாபிராம, 20 நிமிடம்' என்று பெயரிட்டு அனுப்பியிருந்தோம்.

மறுநாள் காலை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டியவர். கோபம் இல்லை, ஆனால் குரலில் வருத்தம் இருந்தது.

"தம்பி, நான் மதுரை மணி கச்சேரிக்கு முன்வரிசையில உட்கார்ந்து கேட்டவன். இது அவர் குரல் இல்லை. அவர் ஸ்வரம் பாடுறது எப்படி இருக்கும், தாளத்தை விட்டு நகராம சர்வலகுவில ஓடிக்கிட்டே இருக்கும். இதுல அது எங்க இருக்கு?"

"லேபிள்ல மணின்னுதான் சார் இருக்கு," என்றேன்.

"மாமவ பட்டாபிராம என்ன ராகம்?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். "மணிரங்கு. தீட்சிதர் கிருதி. அவர் ராகத்தை எழுதி வெச்சிருக்கார், தம்பி. நீங்க பாடகர் பேரா படிச்சிட்டீங்க."

கேசட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அடுத்த பக்கத்து லேபிளில் 'கல் – நிதி சால' என்று இருந்தது. கல்யாணியில் 'நிதி சால சுகமா'. அது ராக வாரியாகத் தொகுத்த கேசட். பாடகர் பெயரே அதில் எங்கும் இல்லை. கல் என்பதைக் கல்யாணி என்று சரியாகப் படித்த நாங்கள், அதே கையெழுத்தில் அதே இடத்தில் இருந்த மணியை ஆள் பெயர் என்று எடுத்துக்கொண்டோம். மணி என்ற சொல்லோடு எங்களுக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருந்ததுதான் காரணம்.

எடுத்த முடிவுகள்

அன்று மாலையே மூன்று முடிவுகள் எடுத்தோம். பகிர்ந்ததைத் திரும்பப் பெற்று, தவறைச் சொல்லி, பெற்றுக்கொண்ட எல்லோருக்கும் தனித்தனியாகத் தெரிவிப்பது. இரண்டாவது, மணி சம்பந்தப்பட்ட எல்லாக் கேசட்டுகளையும் பட்டியலிலிருந்து வெளியே எடுத்து, முதலிலிருந்து பார்ப்பது. மூன்றாவது முடிவை வேறு காரணத்துக்காக எடுத்தோம், ஆனால் பின்னால் அதுதான் மிக முக்கியமானதாக ஆயிற்று: எதையும் அப்புறப்படுத்தும் வேலையை நிறுத்துவது.

நான்காம் படியில் விழுந்த 22 கேசட்டுகள் அப்போது ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வாசல் திண்ணையில் இருந்தன. பட்டியலைப் பார்த்து மகனும் சரி என்று சொல்லியிருந்தார். பழைய சாமான் எடுப்பவர் மறுநாள் வருவதாக இருந்தது. பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோனோம்.

அவசரம் இருந்தும் ஏன் நிறுத்தினோம் என்று பிறகு கேட்டார்கள். ஒரு பெயரைத் தவறாகப் போட்டால் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். அந்தத் தவறான பெயரை நம்பி ஒரு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் திருத்த எதுவும் இருக்காது. அந்த 22-இல் எத்தனைக்கு நாங்கள் சரியான பெயர் வைத்திருக்கிறோம் என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் எழுதும் முறையைப் படித்தது

லேபிளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, அந்த மனிதர் எப்படி எழுதுவார் என்று தெரிய வேண்டும் என்றார் பழுது பார்க்கும் நண்பர். மகனிடம் கேட்டதில், அலமாரியின் கீழ்த்தட்டில் வீட்டுக் கணக்கு நோட்டுகள் வருடவாரியாக இருந்தன. பால், மளிகை, மின்கட்டணம் இவற்றோடு கேசட் வாங்கிய செலவும் பாட்டரி வாங்கிய செலவும் தேதியோடு இருந்தன. சங்கீதத்துக்காக எழுதியவை இல்லை என்பதாலேயே அவற்றை நம்ப முடிந்தது.

நோட்டுகளையும் லேபிள்களையும் சேர்த்து வைத்து நான்கு நாள் படித்தோம். அவருடைய எழுத்துக்கு ஒரு திட்டமான இலக்கணம் இருந்தது. கச்சேரிப் பதிவு என்றால் கோடு போட்டு மூன்று பெயர்: பாட்டு, வயலின், மிருதங்கம், அந்த வரிசையில். முதல் இடத்தில் மணி என்றால் மதுரை மணி. மூன்றாம் இடத்தில் மணி என்றால் பாலக்காடு மணி. 'அரியக்குடி – ராஜமாணிக்கம் – மணி' என்று ஒரு லேபிள் இருந்தது. அதில் மணி யார் என்று ஊர்ப்பெயர் இல்லாமலே தெரிகிறது. ஒரே கேசட்டில் முதல் இடத்திலும் மணி, மூன்றாம் இடத்திலும் மணி என்று எழுதியிருந்த ஒன்றை மாணவர் எழுத்துப்பிழை என்று நினைத்து ஒரு மணியை நீக்கியிருந்தார். பிழையே இல்லை. இரண்டு பேரும் ஒரே மேடையில் இருந்த கச்சேரி அது. அவர் மனத்தில் இருவருக்கும் குழப்பம் வர வழியே இல்லை, ஒருவர் பாடுபவர், மற்றவர் வாசிப்பவர்.

1970-களின் பிற்பகுதியில் லேபிள்கள் மாறுகின்றன. மூன்றாம் இடத்தில் 'பா. மணி', 'கா. மணி' என்று வரத் தொடங்குகிறது. பா. என்பதை நாங்கள் பாட்டு என்று படித்திருந்தோம். அதனால் பாலக்காடு மணி அய்யர் எங்கள் பட்டியலில் சில கேசட்டுகளில் பாடகராகவே ஆகியிருந்தார். கா. என்பதைக் காம்போதி ராகம் என்று எண்ணி விட்டுவிட்டோம். அது காரைக்குடி மணி. 1945-இல் பிறந்த இளைய தலைமுறைக்காரர், மிருதங்கம்தான் அவருக்கும். அவர் கச்சேரிகளில் அதிகமாகக் கேட்கத் தொடங்கியபோதுதான் நம் ரசிகருக்கு இரண்டு மணிகளையும் பிரிக்கும் தேவை வந்திருக்கிறது. அதுவரை வெறும் மணியாக இருந்த மூத்தவருக்கும் அன்றிலிருந்து ஒரு பா. சேர்ந்துகொள்கிறது. ஆக, முன்னெழுத்து இல்லாமல் மூன்றாம் இடத்தில் மணி என்று இருந்தால் அது பழைய லேபிள், அவர் பாலக்காடு மணி என்று கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாழ்ந்து முடிந்த ஒரு மனிதரின் பழக்கம் கையில் பிடிபட்டது போல இருந்தது.

தேதிகளில்தான் அதிகம் தடுமாறினோம். 'மணி – ஆகஸ்ட் 76' என்று ஒரு கேசட். முதல் இடத்தில் மணி, வருடம் 1976. மதுரை மணி அய்யர் 1968 ஜூன் 8-இல் காலமாகிவிட்டார். ஆகவே அவர் இல்லை என்று இரண்டாம் சுற்றில் உறுதியாக எழுதினோம், போன தடவை பட்ட அடியால் வந்த எச்சரிக்கை அது. அதுவும் தவறு. 1976 ஆகஸ்ட் கணக்கில் 'கேசட் 3, காப்பி எடுக்க' என்று ஒரு வரி இருந்தது. அது பிரதி எடுத்த தேதி. இன்னொரு கேசட்டில் 'மணி – மாயவரம் – 1958' என்று இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியதே 1963-இல். எனவே இந்த 1958 கேசட்டின் வயது இல்லை, கச்சேரியின் வயது. மற்ற லேபிள்களையும் கணக்கையும் ஒப்பிட்டதில் ஒரு வழக்கம் தெரிந்தது: ஊர்ப்பெயரோடு வரும் வருடம் கச்சேரி நடந்த வருடம், ஊர் இல்லாமல் மாதத்தோடு வருவது பிரதி எடுத்த நாள்.

மற்றவை சுலபமாகப் பிரிந்தன. 'சனி 9½ மணி' என்று எழுதியிருந்தது ஆளும் இல்லை, ராகமும் இல்லை. அகில இந்திய வானொலி 1952 முதல் ஒலிபரப்பிய தேசிய இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு 9.30-க்கு வரும். வீடே அடங்கியபின் காத்திருந்து பிடித்த பதிவு. லேபிளின் இடப்பக்கம் கிழிந்து 'மணி – குழல்' என்று மட்டும் மிஞ்சியிருந்த ஒன்றை ஓடவிட்ட மாணவர், புல்லாங்குழல் கேட்டதும் பெட்டி மாறிவிட்டது என்று குறித்திருந்தார். பெட்டி மாறவில்லை. முன்னால் கிழிந்துபோனது ஒரே எழுத்து. அது புல்லாங்குழல் என். ரமணி, குழல் மேதை மாலியின் சீடர். இரண்டு கேசட்டுகளில் 'திருமதி மணி' என்று இருந்தது. வேலூரில் பிறந்து கலாக்ஷேத்திராவில் பயின்ற பாடகி மணி கிருஷ்ணசுவாமி. பெண் குரலைக் கேட்டதும் அது உறுதியாயிற்று.

கடைசியாகச் சொன்ன இந்தப் பெயர்தான் எங்களை மிகப் பெரிய தவறுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

'மணி – பாட்டு – வீட்டில்'

திண்ணையிலிருந்து உள்ளே கொண்டுவந்த 22-இல் ஒன்று சி-60 கேசட். லேபிளில் நீல மையில் 'மணி – பாட்டு – வீட்டில்'. தேதி இல்லை. முதல் சுற்றில் மாணவர் எழுதியிருந்த குறிப்பு இது: 'பெண் குரல். மணி கிருஷ்ணசுவாமியாக இருக்கலாம். வீட்டுக் கச்சேரி. சுருதி நிலையாக இல்லை, நாய்க் குரைப்பு, பதிவு மோசம். இவருடைய நல்ல பதிவுகள் வெளியே கிடைக்கின்றன. விட்டுவிடலாம்.'

அந்தக் குறிப்பில் ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் இருக்கிறது. பிரபலமான ஒருவரின் மோசமான பதிவு என்றால் விட்டுவிடுவதில் பெரிய நஷ்டம் இல்லை. எல்லாம் அந்தப் பெயரின்மேல் நின்றது. பெயர் தப்பு.

இந்தத் தடவை முழுதாகக் கேட்டோம். குரல் மெல்லியதாக, கொஞ்சம் சிறுமிக் குரல்போல இருந்தது. பக்கவாத்தியம் எதுவும் இல்லை, சுருதிப்பெட்டி மட்டும். 'எப்ப வருவாரோ' என்ற கோபாலகிருஷ்ண பாரதி பாட்டை ஜோன்புரியில் பாடுகிறார். மதுரை மணி அய்யர் பாடிப் புகழ் சேர்த்த பாட்டு. அவரைக் கேட்டுக் கேட்டுப் பாடமானது என்று இடங்கள் விழும் விதத்திலேயே தெரிகிறது. இருபத்து மூன்றாம் நிமிடத்தில் பாட்டு நிற்கிறது. பக்கத்தில் ஓர் ஆண் குரல்: "மணி, அந்த சரணத்தை இன்னொரு தடவை பாடேன்." ஒரு சிரிப்பு. மறுபடி சரணம்.

மகனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னோம். ஆண் குரல் தன் அப்பாவுடையது என்று உடனே சொன்னார். பாடுபவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாம் தடவை கேட்டபிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்பா மணின்னு கூப்பிட்டது அத்தையை மட்டும்தான். ஆனா அத்தை பாடுவாங்கன்னு எனக்குத் தெரியாதே."

அவருடைய அத்தைக்கு மணி என்று முடியும் ஒரு நீளமான பெயர். வீட்டில் மணி. கல்யாணத்துக்கு முன்னால் பாட்டு கற்றிருக்கிறார், பிறகு நின்றுபோயிருக்கிறது. காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. 1977 தை மாதக் கணக்கில், பொங்கல் செலவுக்குக் கீழே, 'பாட்டரி 4, கேசட் 1' என்று இருக்கிறது. தங்கை பொங்கலுக்கு வந்திருந்ததும் அதே பக்கத்தில் தெரிகிறது, அவருக்கு எடுத்த புடவையின் விலையிலிருந்து.

குரலின் வேகத்தைச் சரி செய்தது

அத்தையின் குரலைக் கேட்டறிந்தவர்கள் இது அவர் குரல் மாதிரி இல்லையே என்றார்கள். காரணம் பாட்டரி. பாட்டரி தளர்ந்தால் பதிவு செய்யும்போது நாடா மெதுவாக ஓடும். பிறகு சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் உயர்ந்து, மெலிந்து, வேகமாகக் கேட்கும். பாட்டரி போகப்போக இறங்குவதால் கேட்கும்போது சுருதி ஏறிக்கொண்டே போகும். நாங்கள் 'சுருதி நிலையாக இல்லை' என்று அந்த அம்மாவின்மேல் போட்ட குறை உண்மையில் நான்கு பாட்டரிகளின் குறை.

மின்சாரத்தில் ஓடிய கருவியாக இருந்தால் பதிவின் அடியில் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வைத்து வேகத்தைத் திருத்தப் பார்க்கலாம். பாட்டரியில் அது கிடையாது. ஆனால் பதினோராம் நிமிடத்தில் பின்னால் சுவர்க் கடிகாரம் எட்டு அடிக்கிறது. மாணவர்தான் முதலில் நிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தார். கடிகாரம் அங்கேயே இருந்தது, வருடக்கணக்காக ஓடாமல். ஓட வேண்டிய அவசியமும் இல்லை. அடிக்கும் ஓசையின் சுருதி உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைப் பொறுத்தது. கதவைத் திறந்து சுத்தியலை விரலால் தூக்கி விட்டோம். தூசிக்குள்ளிருந்து அதே ஓசை வந்தது, நாடாவில் இருந்ததைவிடத் தாழ்வாக. அளந்து பார்த்ததில் அந்த இடத்தில் நாடா ஏறத்தாழ 9 சதவீதம் வேகமாக இருந்தது, ஒன்றரை ஸ்வரஸ்தான (ஹார்மோனியத்தில் ஒன்றரைக் கட்டை இடைவெளி) உயரம்.

பதினோராம் நிமிடத்துக்குச் சரியான சுருதி தெரிந்துவிட்டது. பாடியது முழுக்க ஒரே சுருதிப்பெட்டி. ஆகவே அந்த இடத்தில் கிடைத்த ஆதார ஷட்ஜத்துக்கு (பாட்டின் அடிப்படை 'ஸ'வுக்கு) மற்ற நிமிடங்களையும் கொண்டுவந்தால் போதும். நண்பர் இரண்டு இரவு உட்கார்ந்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து திருத்தினார். திருத்திய பிறகு குரல் ஒரு சிறுமியுடையதாக இல்லை. முப்பதைத் தாண்டிய, நிதானமான, அடிக்குரலில் கனமுள்ள ஒரு பெண்ணுடையதாக இருந்தது. சுருதி கடைசிவரை அசையவில்லை.

விளைவு

37-இல் மதுரை மணி அய்யர் 14 ஆனார். முன்பு 26. பாலக்காடு மணி அய்யர் 11, காரைக்குடி மணி 4, மணி கிருஷ்ணசுவாமி 2, மணிரங்கு 2, ரமணி ஒன்று, கடிகார மணி ஒன்று, அத்தை ஒன்று. மீதி ஒன்று.

மற்ற 21 'விட்டுவிடலாம்' கேசட்டுகளையும் முழுதாகக் கேட்டோம். பெரும்பாலானவை நாடா ஒட்டிக்கொண்டு உண்மையிலேயே கெட்டிருந்தன. இரண்டைக் காப்பாற்ற முடிந்தது. எதையும் தூக்கிப் போடவில்லை.

அத்தையின் பதிவை வெளியே பகிரவில்லை. ரசிகர் வட்டத்தில் கேட்டவர்கள் உண்டு. பாடியவர் அண்ணனுக்காகப் பாடியது, வேறு யாருக்காகவும் இல்லை, முடிவெடுக்க வேண்டியவர் அவருடைய மகள் என்று சொல்லிவிட்டோம். அவர் திருச்சியில் இருக்கிறார். திருத்தியதும் திருத்தாததுமாக இரண்டு பிரதிகளையும், லேபிளின் புகைப்படத்தையும் அனுப்பினோம். அம்மா சமையலறையில் முணுமுணுத்துக் கேட்டிருப்பதாகவும், முழுப் பாட்டாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றும் எழுதினார். கேசட்டையும் அவரிடமே சேர்த்துவிட்டோம். மகன் அந்தக் கடிகாரத்தை விற்கும் சாமான்களிலிருந்து எடுத்துத் தனியே வைத்துக்கொண்டார்.

மணிரங்கைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆசிரியரிடம் முழுப் பட்டியலையும் கொண்டுபோய்க் காட்டினேன். மேலும் மூன்று இடங்களைத் திருத்தினார், அவை மணி சம்பந்தப்பட்டவை இல்லை.

இன்று செய்வதாக இருந்தால்

லேபிளில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து, முன்னெழுத்து, புள்ளி, கோடு உட்பட, முதல் கட்டத்தில் ஏற்றுவேன். அடையாளம் கண்டது அடுத்த கட்டத்தில், யார் கண்டது, எதை வைத்துக் கண்டது என்பதோடு. இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்ததால்தான் எங்கள் ஊகம் அவருடைய கையெழுத்துபோல ஆகிவிட்டது. லேபிள்களை முதல் நாளே புகைப்படம் எடுத்திருக்க வேண்டும். நாங்கள் எடுத்தது இரண்டாம் மாதத்தில், அதற்குள் ஒட்டுப்பசை காய்ந்த சில உதிர்ந்துவிட்டன.

தரம் பார்க்கும் வேலையையும் பெயர் காணும் வேலையையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. 'மோசமான பதிவு' என்ற எண்ணம் பெயரைத் தேடும் ஆவலைக் குறைத்துவிடுகிறது. பிரபலமான பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. மாணவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த கட்டங்கள் என்னுடையவை.

இரண்டு நிமிடம் கேட்பது என்ற விதியை மாற்றுவேன். நேரம் அதே இரண்டு நிமிடமாகவே இருக்கட்டும், ஆனால் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் நாற்பது நாற்பது விநாடி. வீட்டில் செய்த பதிவுகளில் ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது பெரும்பாலும் பாட்டு நின்ற பிறகுதான். 'வீட்டில்' என்ற சொல் லேபிளில் இருந்தால் முழுதாகக் கேட்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், குடும்பத்தாரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: இந்த வீட்டில் மணி என்று யாரையாவது கூப்பிடுவீர்களா? பெரிய வித்வான்களின் பெயர்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் திணறிய எங்களுக்கு, அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

மிச்சம் இருக்கும் அந்த ஒரு கேசட்டில் பாதி லேபிள் கரையான் அரித்திருக்கிறது. மணி என்ற இரண்டு எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. நாடா முழுக்க வெறும் இரைச்சல், இடையில் எங்கோ ஒரு தம்புரா. பட்டியலில் முதல் கட்டத்தில் 'மணி' என்று எழுதியிருக்கிறோம். அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.